அது உன் அப்பா படம் இல்லை

ராஜராஜனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், இதை முதல் வரியிலேயே எழுதக் காரணம் உன் அப்பா செத்துப்போய்விட்டதாக நீ உலகத்துக்கெல்லாம் சொல்லியிருப்பதுதான். உன் சுகத்தை நான் விசாரிக்கவில்லை, அதற்கு உன் வீடியோ பார்க்கிற லட்சம் பேர் இருக்கிறார்கள். போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய், அதனால்தான் இந்தத் தபால்.

இது டொராண்டோ வந்து சேர்வதற்குள் இங்கே சம்பா அறுப்பு ஆரம்பித்துவிடும். கதிர் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, ஆனால் பஞ்சநதம் நம் வயலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நம் வயலில் பாடுபட்ட மனுஷர். போன புரட்டாசி நடவுக்கு நீ வந்தபோது, நாற்றுக்கட்டைத் தலையில் சுமந்து வந்தவரை வரப்பில் நிறுத்தி, சிரிக்காதீங்க, அப்படியே நில்லுங்க என்று போட்டோ எடுத்தாய். தம்பி வெளிநாட்டில் காட்டப்போகிறது என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தப் படத்தைப் போட்டு, இவர்தான் என் அப்பா, கைநாட்டு, மருந்து வாங்க வழியில்லாமல் செத்தார், நான் பட்டினி கிடந்து படித்து இங்கே வந்தேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடியோ போட்டிருக்கிறாய். எந்த நாள் நீ பட்டினி கிடந்தாய்? தோசை முறுகவில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவன் நீ. ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆன மனுஷர், உன் காலேஜ் சீட்டுக்காக நாயாய் அலைந்தவர், அவர் உனக்கு அப்பாவாகப் போதவில்லையா? பஞ்சநதம் உன் அப்பா என்றால் நான் அவருக்கு யார் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தாயா? கடைத்தெருவில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

திருவாரூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பஞ்சநதத்தின் மகள் ஜெயபாரதிக்கு யாரோ அதைக் காட்டியிருக்கிறார்கள். அப்பா படம், செத்துவிட்டார் என்று பேச்சு, கீழே வரிசையாக ஆழ்ந்த இரங்கல். பதறிப்போய் அப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறாள், அவர் வாய்க்காலில் மடை திறந்துகொண்டிருந்தார், எடுக்கவில்லை. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்து, பூட்டிய வீட்டைப் பார்த்து அலறிக்கொண்டு வயல்வரைக்கும் ஓடியிருக்கிறாள். மண்வெட்டியோடு நின்றவரைக் கண்டதும் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு நம் வாசலுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உங்க புள்ளைக்கு அப்பா வேணும்னா சார் இருக்காங்க, எங்க அப்பாவ ஏங்க சாகடிக்கிறாரு என்று கேட்டாள். விடும்மா, தம்பி தெரியாம செஞ்சிருக்கும் என்றார் பஞ்சநதம், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உடனே உனக்குப் போன் செய்தேன். அது சும்மா கன்டென்ட்மா, ஹெட்மாஸ்டர் பையன்னு சொன்னா எவன் பாப்பான் என்று சிரித்தாய். பக்கத்தில் அப்பா கேட்டுக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது. சட்டையை மாட்டிக்கொண்டு பஞ்சநதம் வீட்டுக்குப் போய், தெருவே பார்க்கக் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். வந்து படுத்தவர் மறுநாளும் சாப்பிடவில்லை. நான் உன் வீடியோவுக்குக் கீழே உண்மையை எழுதினேன், அதை அழித்துவிட்டுப் பெற்றவளையே பிளாக் செய்தாய். ஜெயபாரதி உன்னை விடவில்லை, இதோ எங்க அப்பா, உசுரோட நிக்கிறாரு என்று அவரைப் பக்கத்தில் நிறுத்தி அவளும் வீடியோ போட்டாள். உன்னைத் தூக்கிவைத்து ஆடியவர்களே இப்போது காறித் துப்புகிறார்கள். நீ வீடியோவை எடுத்துவிட்டு, மன உளைச்சல், கொஞ்ச நாள் ஓய்வு என்று கறுப்புப் படம் போட்டிருக்கிறாயாம். அதில் மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை.

உனக்கு என்னடா உளைச்சல்? செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவர் அவர், ஓடி வந்தவள் அவள். எந்த முகத்தைக் காட்டிப் பொய் சொன்னாயோ அதே முகத்தைக் காட்டி, இரண்டு பேர் பெயரையும் சொல்லி மன்னிப்புக் கேள். பிறகு ஊருக்கு வந்து பஞ்சநதம் வாசலில் நில். அதைச் செய்யாமல் இந்த வீட்டுப் படி ஏறாதே, ஏறினால் சோறு போட மாட்டேன். அங்கே பனி கொட்டுகிறதாம், காதை மூடிக்கொண்டு வெளியே போ. நோய்நொடி இல்லாமல் இரு, அதற்குமேல் வாழ்த்த எனக்கு இப்போது மனசு வரவில்லை.

இப்படிக்கு,
தியாகராசன் மனைவி
ஆனந்தவல்லி