அசோகனின் வருத்தம்

செவ்வாய்க்கிழமை, இரவு

லா சப்பல் தெருவில் உள்ள கடையில் நாள் முழுக்க நின்றதில் கால் கடுக்கிறது. படுத்தும் தூக்கம் வரவில்லை.

சாப்பிடும்போது மகள் பள்ளிக்கூடப் பாடத்தை வாசித்துக்காட்டினாள். கலிங்கப் போரில் செத்தவர்களை நினைத்து வருந்துவதாக அசோகன் பாறையில் வெட்டிவைத்தானாம். புத்தரைக் கும்பிட்ட அவன், இனி அறத்தின்படியே ஆள்வதாகவும் எழுதினானாம்.

எப்போதும் பிரெஞ்சில் பேசுகிறவள், இதைத் தமிழில் கேட்டாள்.

“அப்பா, எங்கடை நாட்டை ஆளுறவையும் புத்தரைக் கும்பிடுகினம்தானே? சண்டையிலை செத்த சித்தப்பாவுக்காக ஆராவது இப்பிடி எழுதி வைச்சவையோ?”

“இல்லை, பிள்ளை.”

“எழுதினா மன்னிப்பீங்களோ?”

“சோறு ஆறுது, சாப்பிடு” என்றேன்.

மன்னிப்பேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் அப்படியொரு கல் இருந்தால், தம்பியின் பெயரைத் தேடவாவது ஒருமுறை போவேன்.