புறாவுக்குச் சித்தி ஊதிய விசில்

அன்பான வாலு, உன்னைப் பெறாவிட்டாலும் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பா எழுதுவது. குளிரில் மூக்கு ஒழுகுவதைத் தவிர இங்கே இரண்டு பேரும் சுகம். உன்னை நினைத்தால் சாப்பாடே இறங்குவதில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் நன்றாக இறங்குகிறது, நான் பொய் சொல்லி நீ பார்த்திருக்கிறாயா?

சித்தி விஷயத்துக்கு வருகிறேன். பஸ் கண்டக்டர் வேலையில் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், அதோடு சரி. வாசல் தாண்டுவதில்லை, என்னைத் திட்டுவதுகூட இல்லை என்றால் பார்த்துக்கொள். போனில் அவள் உன்னிடம் நல்லா இருக்கேன்னு சொன்னதெல்லாம் சும்மா. பூங்காவில் குளிர்காலத்துக்குப் பறவைகளுக்குத் தீனித் தட்டு தொங்கவிட்டிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், கிளம்புடி என்று ஒரே அதட்டல் போட்டேன் (சரி, கெஞ்சினேன்). ஞாயிற்றுக்கிழமை காலையில் மப்ளரும் தொப்பியுமாகப் போனோம். அங்கே ஒரு கூட்டம் மூச்சு விடாமல் நிற்கிறது. யானைத் தும்பிக்கை நீளத்துக்குக் கேமரா வைத்திருந்த பல் டாக்டர் ஒருத்தர், ஏதோ மஞ்சள் தொண்டைக் குருவிக்காக இருட்டிலேயே வந்து நிற்கிறாராம். தட்டிலோ லாரி டயர் மாதிரி ஊதிப்போன ஒரு புறா, வழியை அடைத்துக்கொண்டு சிட்டுகளை ஏறவே விடவில்லை. சித்தி பார்த்தாள், பார்த்தாள், கை தானாகப் பைக்குள் போனது, பழைய கண்டக்டர் விசில் இன்னும் அதில்தான் கிடக்கிறது. ஊதினாளே ஒரு விசில்! கூடவே, வழியில நிக்காத, உள்ள போ, இல்லன்னா இறங்குன்னு புறாவுக்கு ஒரு அதட்டல் வேறு. புறா பறந்தது, சிட்டெல்லாம் பறந்தது, குளத்து வாத்து பறந்தது, டாக்டர் தொப்பியும் பறந்தது என்றால் நீ நம்ப மாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன்.

மொத்தக் கூட்டமும் திரும்பி முறைத்தது. சித்தி முகம் சுண்டிப்போய், வீட்டுக்குப் போயிடலாங்க என்றாள். அப்போது கூட்டிக்கொண்டு திரும்பியிருந்தால் அப்புறம் கிரேன் வைத்தாலும் அவளைக் கிளப்பியிருக்க முடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, டாக்டர், இது வெளிநாட்டு முறை, குண்டனை விரட்டினா ஒல்லிங்கதான் முதல்ல திரும்பும், என் வீட்டுக்காரி இதுல பெரிய கை என்று அடித்துவிட்டேன். வாயில் வந்ததுதான். ஆனால் நடந்ததே அது! சிட்டுகள் முதலில் வந்தன, அதுகளோடு மஞ்சள் தொண்டையும் வந்தது, டாக்டர் படம் எடுத்துத் தள்ளினார். முடித்துவிட்டு, அக்கா, அடுத்த வாரமும் வாங்க, ஆனா நான் சொல்றப்ப ஊதுங்க என்றார். இவளா விடுவாள், எப்ப ஊதணும்னு எனக்குத் தெரியும், நீங்க முதல்ல தள்ளி நில்லுங்க என்றாள். எத்தனை மாசத்துக்கு அப்புறம் அந்தக் குரல்! கண்ணைத் துடைக்கத் தும்முவது போல் நடித்தேன்.

இப்போது வாரம் தவறாமல் போகிறாள். குள்ளமானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால் என்று ஆட்களை நிறுத்துவதே அவள்தான். என்னைச் சேர்ப்பதில்லை, நான் பேசுகிற பேச்சில் ஒரு குருவிகூட இறங்குவதில்லையாம். பின்னாலேயே வந்துவிடுவேன் என்று இன்றைக்கு வெளியே பூட்டி, சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு இவ்வளவு சந்தோஷமாக எவனும் இருந்திருக்க மாட்டான்.

நீ நோய்நொடியில்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நல்லா இரு. காதை மூடித் தொப்பி போடு. சித்தியிடம் பேசும்போது, பூங்காவுக்குப் போகிற யோசனை யாருடையது என்று மெதுவாகக் கேட்டு வை. நான் கேட்கச் சொன்னதாக மட்டும் உளறிவிடாதே.

இப்படிக்கு,
பூட்டிய வீட்டிலிருந்து,
உன் ஆசைச் சித்தப்பா