பில் இல்லாத பரிசு

மார்ச் 3, செவ்வாய்

பிரார்த்தனை முடித்துப் பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். எங்கள் பிரார்த்தனைக் குழுவின் பாட்டுப் புத்தகம் ஐம்பத்தேழாம் பாட்டு வரை பக்கம் அமைத்தாகிவிட்டது. மொத்தம் எண்பத்து நான்கு. குழுவுக்கு இருபத்தைந்தாம் ஆண்டு; ஏப்ரல் 20க்குள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். கடைசிப் பக்கத்து நன்றியைத்தான் முதலில் எழுதி வைத்தேன்: ‘இந்த வேலைக்கான கருவியை வாங்கித் தந்த என் கணவருக்கு நன்றி.’

டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்தால் திரை நடுவில் ஒரு பெட்டி. இந்தப் பிரதி முறையாக வாங்கப்பட்டதல்ல என்று ஆங்கிலத்தில். அதை மூடினால் எல்லாமே மூடிக்கொள்கிறது. ஏதோ கோளாறு. பில்லைக் காட்டினால் சரி செய்து தருவார்கள்.

மார்ச் 4, புதன்

பில் ஃபைலை எடுத்தேன். ஃபிரிட்ஜ், மின்விசிறி, போன வருடத்து இஸ்திரிப் பெட்டி — எல்லாம் அதனதன் உறைக்குள். ‘டிசைன் சாஃப்ட்வேர்’ என்று நானே எழுதி ஒட்டிய உறை மட்டும் காலி. ஒன்பது வருடமாகக் காலி.

கல்யாண நாள் பரிசு. “பில்லு தபால்ல வரும்” என்றார். வந்ததா என்று நான் கேட்டதேயில்லை. அவர் சொன்னால் சொன்னதுதான் என்று இருந்திருக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

சாப்பிடும்போது கேட்டுவிட்டேன்.

“ஏங்க, அந்த சாஃப்ட்வேர் பில்லு எங்க?”

“எந்த சாஃப்ட்வேர்?”

“கல்யாண நாளுக்கு வாங்கினீங்களே.”

தட்டைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை.

“அதையெல்லாம் யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா? ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்கறவன் சும்மா காப்பி போட்டுக் குடுத்தான். எல்லாரும் அப்படித்தான் வெச்சிருக்காங்க.”

திருட்டுப் பிரதி. தினமும் கைகூப்பிவிட்டுத் திறந்தேனே — எதைத் திறந்தேன்?

ஓசியில் வருவது எனக்கு வேண்டாம், இல்லாவிட்டால் கையால் எழுதிக்கொள்கிறேன் என்று அப்போதே சொன்னேன். அதற்குத்தானே “உனக்காக வாங்கினேன்” என்றார்? அந்த சிடிக்கு ரிப்பன் வேறு கட்டியிருந்தார். ரிப்பன்!

மார்ச் 6, வெள்ளி

மகளிடம் போனில் சொன்னேன். “அம்மா, உனக்கு நிஜமாவே தெரியாதா?” என்கிறாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தெரியுமாம். “நீ மனசு கஷ்டப்படுவேன்னு அப்பாதான் சொல்ல வேணாம்னார்.”

அச்சகக்காரருக்கும் தெரியும். “நீங்க தெரிஞ்சுதான் வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்க்கா.”

ஆக, இத்தனை பேரில் நான் ஒருத்திதான் முட்டாள்.

இதில், போன வருடம் பழைய பாட்டுப் புத்தகத்தைக் கேட்காமல் ஜெராக்ஸ் எடுத்த பெண்ணைக் குழுவில் எல்லார் எதிரிலும் நிற்க வைத்து, “இது திருட்டு இல்லையா?” என்று கேட்டவள் நான். அவள் அழுதாள். கண்ணை மூடினால் அவள் முகம்தான்.

மார்ச் 7, சனி

“உப்பு இருக்கா?” என்றார். “இருக்கு” என்றேன். இன்றைய பேச்சு அவ்வளவே.

மார்ச் 8, ஞாயிறு

குழுவை நடத்தும் பாட்டு டீச்சரிடம் சொல்லிவிட்டேன். ஜெராக்ஸ் பெண்ணும் அங்கே இருந்தாள். இருக்கட்டும் என்று அவள் எதிரிலேயே, நின்றபடி சொன்னேன்.

“விடும்மா, ஆண்டவனுக்கு உன் மனசு தெரியும். யாரையாவது விட்டுத் திறந்து, அப்படியே அச்சுக்குக் குடு” என்றார் டீச்சர்.

அந்தப் பெண் நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். “உக்காருங்கக்கா. நான் உங்களை நிக்க வைக்க மாட்டேன்.”

உட்கார்ந்தேன். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

புத்தகத்தை முதலிலிருந்து செய்யப் போகிறேன். வேறு சாஃப்ட்வேரில்.

மார்ச் 13, வெள்ளி

புது சாஃப்ட்வேர் ஒன்று கிடைத்தது; இதைச் செய்தவர்களே இலவசமாகத் தருகிறார்கள். நம்பிவிடவில்லை, உரிமப் பக்கத்தை அகராதி வைத்து வரிவரியாகப் படித்தேன். அச்செடுத்துக் காலி உறைக்குள் போட்டேன்.

பழைய ஃபைலை இதில் திறந்தால், பழைய எழுத்துரு ஏறவில்லை. பாட்டு இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் டாலர் குறியுமாகக் குப்பை. எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். பழகின விசையை அழுத்தினால் வேறென்னவோ நடக்கிறது. பூவைப் பெரிதாக்கப் போனேன், தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. நானாக முட்டி மோதிக் கற்றதெல்லாம் விரலில் இருந்திருக்கிறது. தலையில் ஒன்றுமில்லை.

மார்ச் 22, ஞாயிறு

ஒன்பது பாட்டுதான் ஆகியிருக்கிறது. பழைய புத்தகத்தின் பொடி எழுத்தைப் பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்புவதற்குள் வரி தவறுகிறது.

அவர் வந்து நின்றார். “ஒரிஜினலே வாங்கித் தரேன்.”

“வேண்டாம்.”

“பில்லோட.”

நான் தட்டச்சைத் தொடர்ந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுப் புத்தகத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை.

வாசிப்பா அது? ரயில் வருவதை அறிவிக்கிற மாதிரி. “ஆண்டவனே கமா அருள்வாய் ஆச்சரியக்குறி அடுத்த வரி.” சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

நாற்பத்தொன்று. தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் வாசிக்கிறார். ஒரு புள்ளியைக்கூட விடுவதில்லை. அது தவிர எங்களுக்குள் பேச்சில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

அறுபத்தோராம் பாட்டு நடுவில் கேட்டேன். “ஏன் பொய் சொன்னீங்க?”

“அவ்வளவு ஆசையா இருந்த. அப்ப வாங்கற நெலமை இல்ல. சும்மா வந்ததுன்னா நீ தொட மாட்ட.”

“இல்லைன்னு சொல்லியிருந்தா கையால எழுதியிருப்பேனே. நம்பி மோசம் போயிருக்க மாட்டேனே.”

புத்தகத்தில் விரல் வைத்து, விட்ட இடத்தைத் தேடினார்.

“கமா” என்றார்.

ஏப்ரல் 18, சனி

முடிந்தது. எண்பத்து நான்கும். கடைசிப் பக்கத்தில் பழைய நன்றியைப் போடவில்லை. பதிலாக ஒரு வரி.

பிழை பார்க்க அச்செடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து உரக்க வாசித்துக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கத்தில் குரல் நின்றது.

“நன்றின்னு ஒரு வார்த்தை...” என்று ஆரம்பித்தார்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே ரயில் அறிவிப்புக் குரலில் வாசித்து முடித்தார்: “பாட்டுகளை வாசித்துத் தந்தவர், என் கணவர். முற்றுப்புள்ளி.”