செங்கல் குழியில் வளர்ந்த மீன்கள்

அன்புச் சிநேகிதிக்கு,

நேற்று மகன் வவுனியாவில் இருந்து மீன் தீவனம் ஒரு பை வாங்கி வந்தான். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். முதலாவதாகவே அரிசித் தவிடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை நீர் அறுபதுகளிலேயே செய்து காட்டிவிட்டீர் என்று அவனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. அதனால்தான் உமக்கு எழுதுகிறேன், நீர் இப்போது உயிரோடு இல்லை, வாசிக்க மாட்டீர் என்று தெரிந்தும்.

அரசாங்கம் காணி கொடுத்த குடியேற்றத் திட்டத்தில் நம் காணிகள் அடுத்தடுத்து இருந்தன. நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து நெல் விதைக்க வந்தவர்கள். நீர் முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, பக்கத்துக் காணிக்காரரைக் கலியாணம் முடித்து வந்தவர். எங்கள் வளவில் செங்கல்லுக்கு மண் எடுத்த குழியில் மாரித் தண்ணீர் நின்றது. மீன்பிடி அலுவலர் ஒருவர் அதில் திலாப்பியாக் குஞ்சுகளை விட்டுப் போனார். மாதங்கள் போயும் அவை விரல் நீளத்தைத் தாண்டவில்லை.

"இதுகளுக்குப் பசி," என்றீர். "கடல் எண்டால் தேடித் தின்னும். குழிக்குள்ளை எங்கை போறது? நாங்கள்தான் குடுக்கோணும்."

நெல்லு மில்லில் தவிடு வாங்கி அள்ளி அள்ளி வீசினோம். அது மிதந்து புளித்தது. ஒருநாள் விடியப் பார்த்தால் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கின்றன. சில செத்தும் மிதந்தன.

"மாட்டுத் தீனியை மீனுக்குப் போட்டால் இப்பிடித்தான். குழியை மூடுவம்," என்றார் என் கணவர்.

நீர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கி, புளித்த தவிட்டைச் சுளகால் வாரி எறிந்தீர். நான் வாய்க்கால் தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினேன். மத்தியானம்போல் மீன்கள் அடிக்குப் போயின. நீர் வரம்பில் குந்தியிருந்து சொன்னீர்: "பிழை தவிட்டிலை இல்லை. நாங்கள் போட்ட விதத்திலை."

அடுத்த நாள் குறுணல் அரிசிக் கஞ்சியில் தவிட்டைப் பிசைந்து இறுக்கமாக உருட்டினீர். உருண்டைகளைப் பனையோலைப் பெட்டியில் வைத்து, கல்லும் வைத்து, கயிற்றில் இறக்கினீர். ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்பீர். மிச்சம் இருந்தால் நாளைக்குக் குறைவு. வெறும் பெட்டி என்றால் ஒரு உருண்டை கூடுதல். முதல் இரண்டு நாளும் மீன்கள் தொடவேயில்லை. மூன்றாம் நாள் கயிறு உம் கையில் துடித்தது.

கோடையில் குழி வற்றத் தொடங்கியதும் உம் தகப்பனாரின் வீச்சு வலையை எடுத்து வந்தீர். பெண்ணொருத்தி வலை வீசி நான் அதுவரை கண்டதில்லை. உள்ளங்கை அகல மீன்கள் வலை நிறையத் துள்ளின! அந்த அலுவலரும் வந்திருந்தார்.

"என்ன தீனி போட்டனீங்கள்?" என்று என் கணவரைக் கேட்டார்.

"என்னைக் கேக்காதேங்கோ," என்றார் இவர். "குழியை மூடச் சொன்னவன் நான். அவாவைக் கேளுங்கோ."

நீர் ஈரச் சேலையோடு நின்று எல்லாவற்றையும் சொன்னீர். அவர் கொப்பியில் எழுதிக்கொண்டே, "இதெல்லாம் எங்கை படிச்சனீங்கள்?" என்றார்.

"படிக்கேல்லை ஐயா. பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பாத்தனான்."

அதன் பிறகு எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு பதிலுக்கு ஈடாக எதையும் கேட்டதில்லை. நான் உம்முடைய சிநேகிதி என்று சொல்லும்போது, கூனிப்போன இந்த முதுகு இன்றைக்கும் நிமிர்கிறது.