அந்தச் சனிக்கிழமைகளில் நீங்கள் எங்கே போனீர்கள்?

இஞ்சருங்கோ என்று மட்டுமே நான் கூப்பிட்டுப் பழகிய என் அன்பானவருக்கு,

நீங்கள் போன பிறகு வரும் இரண்டாவது குளிர்காலம் இது. ஆண்டு நினைவுக்கு நாலு வரி எழுதித் தாருங்கோ, சங்கத்தின் செய்திமடலில் போடுவோம் என்று கேட்டிருந்தார்கள். சங்கத் தேர்தலுக்கு முன்னர் கேட்டது அது. இப்போது போடுவார்களோ தெரியாது. பண்பின் சிகரமே, பாசத்தின் உறைவிடமே என்று ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கலாம். பேனையை எடுத்தால் எனக்குக் கேள்விதான் வருகிறது. மற்றவர்களும் இதை வாசிப்பார்கள். வாசிக்கட்டும். நடந்ததில் பாதி அவர்களுக்கு முன்னால்தான் நடந்தது.

முதலில் வீட்டுச் செய்தி. லிட்கம் வீட்டிலேயேதான் இருக்கிறோம். ஆஸ்பத்திரிக் குசினியில் எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. வத்சலா இந்த வருடம் பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனை எழுதுகிறாள். மூச்சிழுப்பு இப்போது அவ்வளவாக வருவதில்லை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். நீங்கள் இருந்தபோதும் அப்படித்தான். ஆனால் உங்களுக்குக் கோபம் வராது, எனக்கு வருகிறது.

இனித் தேர்தலுக்கு வருகிறேன். எங்கள் முன்னறையில் கதிரைகளை ஒதுக்கிவிட்டுப் பாயில் இருந்து நீங்கள் தொடங்கிய சங்கம், இப்போது தேவாலய மண்டபம் கொள்ளாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. முன்பெல்லாம் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, இந்த வருடம் நீ இரு என்று ஒருவரைத் தலைவராக்குவோம். இந்த முறை இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் புதிதாக வந்த டொக்டர். மற்றவர் எங்கள் குலசேகரம் அண்ணை.

அவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் என் கணவரோடு ஒரே கந்தோரில் வேலை செய்தவர். எங்களுக்கு முன்னரே இந்த நாட்டுக்கு வந்து, எங்களை விமான நிலையத்தில் வந்து ஏற்றியவர். என் கணவர் ரயிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார் என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு எனக்கு முன்னரே ஓடிப் போனவரும் அவர்தான். செத்தவீட்டை முழுக்க நடத்தியவர். அதற்குப் பிறகு மழை பெய்தால் மெரிலேண்ட்ஸிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்து வத்சலாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போவார்.

வாக்கெடுப்புக்கு இரண்டு கிழமை முன்னர், வேட்பாளர்களிடம் கேள்வி கேட்கலாம் என்று ஒரு கூட்டம் வைத்தார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடம் எப்போது தொடங்கும், பொங்கலுக்கு எந்த மண்டபம் என்று கேள்விகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு சிறிதரன் எழும்பினான். நீங்கள் அவனை ஒரு முறைதான் பார்த்திருப்பீர்கள். பக்கத்துப் புறநகரான ஓபனில் தனியாக இருக்கும் இளம் இன்ஜினியர், சத்தம் போட்டுக் கதைக்காத பிள்ளை.

"குலசேகரம் அண்ணை, ஒண்டு கேக்கவேணும். தரப்படுத்தல் வந்த நேரம், யாழ்ப்பாணத்தில அதைக் கொண்டுவந்த ஆளும் கட்சியின்ர அமைப்பாளரோட நீங்கள் வேலை செய்தனீங்களோ?"

அண்ணை மறைக்கவில்லை.

"ஓம். செய்தனான்."

"என்ர தம்பி நல்ல மார்க்ஸ் எடுத்தவன். தமிழில எழுதினபடியா யூனிவேர்சிற்றிக்கு அது காணாது எண்டு சொல்லிப்போட்டினம். அதுக்குப் பிறகு அவன் ஒழுங்காக் கதைக்கிறதில்லை. போன வருசம் வீட்டை விட்டுப் போனவன். எங்க எண்டு அம்மாவுக்கும் தெரியாது. அந்த நேரம் அவையோட இருந்து நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"உள்ளுக்க இருந்து பேசினா மாத்தலாம் எண்டு நினைச்சம், தம்பி. மாத்தேலாமப் போச்சுது."

"நினைச்சம் எண்டா? ஆர் ஆர்?"

குலசேகரம் அண்ணை தலையை நிமிர்த்தினார். இரண்டாவது வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என்னைப் பற்றி மட்டும் கேளுங்கோ. நான்தானே தேர்தலில நிக்கிறன்."

அந்தப் பார்வையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சமைக்கும்போதும் அது என்னோடு நின்றது. நீங்கள் இருந்திருந்தால் உங்களிடமே கேட்டிருப்பேன். அல்லது கேட்டிருக்க மாட்டேனோ?

ஞாயிற்றுக்கிழமை மெரிலேண்ட்ஸில் அண்ணை வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி வேலைக்குப் போயிருந்தா. அவரே தேத்தண்ணி போட்டார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணை, இவரும் உங்களோட இருந்தவரோ?"

கோப்பையை மேசையில் வைத்தார்.

"இருந்தவர் தங்கச்சி. உண்மையைச் சொன்னா, என்னைக் கூட்டிக்கொண்டு போனதே உம்மட மனிசன் மகேசன்தான்."

"எப்ப?"

"சனிக்கிழமை பின்னேரங்களில. அமைப்பாளரின்ர வீட்டில சந்திப்பம்."

சனிக்கிழமை பின்னேரம்! நீங்கள் ரெனிஸ் விளையாடப் போன நேரம். வெள்ளைக் காற்சட்டையை நான்தானே தோய்த்து மடித்து வைத்தேன்? இப்போது இருந்து யோசிக்கிறேன், நீங்கள் வியர்த்துக் களைத்து வந்தீர்களா, அந்தக் காற்சட்டையில் எப்போதாவது மண் பிடித்திருந்ததா என்று. ஒன்றும் ஞாபகம் வருகுதில்லை. இரவு எட்டு மணிச் செய்தியில் அமைச்சர்மாரின் குரல் கேட்டாலே வானொலியை நிற்பாட்டிவிட்டு, "பாவிகள், எங்கட பிள்ளையளின்ர வயித்தில அடிக்கிறாங்கள்" என்று நீங்கள் சொன்னதுதான் ஞாபகம் வருகிறது. அந்தக் கோபம் பொய்யா? இல்லை, அந்தக் கோபத்தால்தான் அங்கே போனீர்களா?

"ஏன் போனவர் அண்ணை?"

"நானும் கேட்டனான். ஒருநாள் சொன்னார், வெளியில நிண்டு கத்தி என்ன பிரயோசனம், உள்ளுக்க போய்க் கதைப்பம் எண்டு. இன்னொரு நாள் சொன்னார், குடும்பம் பிழைக்கவேணும் குலம் எண்டு. ரெண்டில எது உண்மை எண்டு எனக்குத் தெரியேல்ல. நான் வெறுத்துப்போய் விட்டிட்டன். அவர் பிறகும் கொஞ்சக் காலம் போனவர்."

குடும்பம் பிழைக்க வேண்டும் என்றதும் எனக்கு மன்னார் ஞாபகம் வந்தது. நான் அங்கே தங்கிப் படிப்பித்துவிட்டுச் சனி ஞாயிறில்தான் வீட்டுக்கு வருவேன்; யாழ்ப்பாணத்தில் உங்களோடும் மாமியோடும் இருந்த வத்சலாவுக்கு மூச்சு இழுத்தது. அந்த நேரம்தான், விண்ணப்பித்து அலுத்துப்போயிருந்த எனக்கு, திடீரென்று யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் வந்தது. "பாத்தீரே, கடவுள் கண்ணைத் திறந்திட்டார்" என்றீர்கள். நான் கோயிலில் அருச்சனை செய்தேன்.

"என்ர ட்ரான்ஸ்பர் எப்பிடி வந்தது அண்ணை?"

"சத்தியமா எனக்குத் தெரியாது பிள்ளை."

அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் யார் எதை மறைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் திறமை எனக்கு இருக்கிறதா என்பதே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அடுத்த கிழமை சிறிதரன் வீட்டுக்கு வந்தான். கூட்டத்தில் கேட்டதை நான் தப்பாக எடுத்துவிட்டேனோ என்று பயந்து வந்திருக்கிறான். அவனுக்குச் சோறு போட்டேன். நல்லாச் சாப்பிட்டான், பாவம். போகும்போது வாசலில் நின்று சொன்னான்: "அக்கா, மகேசன் அண்ணை இருந்திருந்தா இப்பிடியான ஆளைத் தலைவரா வர விட்டிருக்கமாட்டார். அவற்ற பேரில ஒரு பரிசு வைக்கச் சொல்லி டொக்டரிட்டச் சொல்லியிருக்கிறன்." பத்திரமாகப் போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். வத்சலா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாக்கெடுப்பு நாள் மண்டபத்தில் அவன் அதையே எல்லோருக்கும் முன்னால் சொன்னான். "மகேசன் அண்ணையைப் போல நேர்மையான மனிசர் தொடங்கின சங்கம் இது" என்றான். கை தட்டினார்கள். குலசேகரம் அண்ணை முன்வரிசையில் குனிந்தபடி இருந்தார். உங்களுக்குத் தட்டிய ஒவ்வொரு கையும் அவருடைய கன்னத்தில் விழுந்ததுபோல இருந்தது எனக்கு. நான் எழும்பினேன். ஏன் எழும்பினேன் என்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. கால் எழும்பிவிட்டது.

"தம்பி சிறி, நீர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதைக் கேக்க உமக்கு உரிமை இருக்கு. ஆனா அதைக் குலசேகரம் அண்ணையிட்ட மட்டும் கேக்கேலாது. என்ர மனிசனும் அங்க இருந்தவர். அண்ணையை அங்க கூட்டிக்கொண்டு போனதே அவர்தானாம். எனக்கே போன கிழமைதான் தெரியும்."

பிறகு கையுயர்த்தி வாக்கெடுத்தார்கள். நான் குலசேகரம் அண்ணைக்குத்தான் கையைத் தூக்கினேன். அவருக்கு வாக்குகள் போதவில்லை. டொக்டர் தலைவரானார். உங்கள் பெயரில் பரிசு என்ற கதையைப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.

நான் நியாயம் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு கார்கள் நிற்கும் பக்கம் போனேன். குலசேகரம் அண்ணை அங்கே நின்றார். அவர் இப்படி என்னோடு ஒருநாளும் கதைத்ததில்லை.

"என்ன வேலை பாத்தனீர் தங்கச்சி? நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது ஏனெண்டு விளங்கேல்லயோ உமக்கு? நான் தோத்தாத் தோத்துப்போட்டுப் போறன். செத்தவனுக்கு மிஞ்சியிருந்தது ஒரு பேர்தானே. அதையும் நீரே எடுத்துப் போட்டீரே!"

"உங்களை மட்டும் குற்றவாளி ஆக்கிறதை என்னெண்டு அண்ணை பாத்துக்கொண்டிருக்கிறது?"

"அது என்ர விருப்பம்" என்றார். காரில் ஏறிப் போய்விட்டார். அவருடைய காரில்தான் நாங்கள் வந்திருந்தோம்.

எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டது யார் தெரியுமா? சிறிதரன். இறங்கும்போதுதான் சொன்னான்: "அக்கா, இவ்வளவு நாளும் எனக்குக் கோவிக்கிறதுக்கு ஒரு ஆளாவது இருந்தது. இப்ப ஆரைக் கோவிக்கிறது எண்டே தெரியேல்ல." எனக்கும் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அவன் தம்பியிடமிருந்து இன்னும் ஒரு செய்தியும் இல்லை.

உள்ளே வந்ததும் வத்சலா கேட்டாள். அதிசயமாகத் தமிழில் கேட்டாள். "அம்மா, டடி கூடாதவரா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்தது கண்ணுக்கு முன்னால் நின்றது. அதே நேரம் சிறிதரனின் அம்மாவும் நின்றா, நான் பார்த்தேயிராத மனிசி. எங்களுக்குக் கிடைத்த இடமாற்றம் வேறு எந்தத் தாய்க்குக் கிடைக்காமல் போனதோ, அவவும் நின்றா. "எனக்குத் தெரியாது பிள்ளை" என்றேன். அவள் வந்து கட்டிப்பிடித்தாள்.

குலசேகரம் அண்ணை மூன்று கிழமையாக வரவில்லை. போன ஞாயிறு நானே ரயில் ஏறிப் போனேன். கதவைத் திறந்தார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே போனார். நானும் போய் இருந்தேன். உங்களைப் பற்றி இருவரும் ஒன்றும் பேசவில்லை.

நீங்கள் நல்ல நோக்கத்தோடுதான் போனீர்கள் என்று எழுதி முடித்தால் எனக்கு இலகுவாக இருக்கும். துரோகம் செய்தீர்கள் என்று எழுதினாலும் ஒருவகையில் இலகுதான். இரண்டையும் நான் செய்யமாட்டேன். நீங்கள் எனக்குச் சொல்லாமல் போன காரணத்தை நானாக உருவாக்கி உங்கள் வாயில் வைக்கமாட்டேன். வத்சலா கேட்கும் போதெல்லாம் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைத் தெரியாது என்பேன். அன்பும் கோபமும் ஒரே வீட்டில் இருக்க இடம் கொடுப்பேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உங்களை இன்னும் முழுக்க அறியாத மனைவி,
சரோ