அத்தானின் கம்பித்தட்டில் ஒட்டிய நீலத் தட்டம்

என் அன்பு அத்தானுக்கு,

நீங்கள் போன முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் உங்கள் புகழைப் பாட நம் கரம்பொன் ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. எனக்கு ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள மட்டும் இடம் தந்தால் போதும் என்று கேட்டு வாங்கினேன். வாசிக்கிறவர்கள் வாசித்துவிட்டுப் போகட்டும்.

செத்த வீட்டன்று குசினியில் அடுப்பு மூட்டுவதில்லையே. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வைக்கும் வேலையை நானே பாய்ந்து எடுத்தேன். அழுகிறவர்கள் நடுவில் இருக்கப் பயம், வேறொன்றுமில்லை. கனடாவிலிருந்து நீங்கள் கப்பலில் இறக்கி ஊரையே சிரிக்க வைத்த, கம்பித்தட்டில் மீன் சுடும் அந்த பாபிகியூ அடுப்பைப் பின்வளவில் மூட்டிக் கேத்தலை வைத்தேன். கேத்தலை இறக்கிய கையோடு, அதே இடத்தில், கப்புகள் அடுக்கிய நீலப் பிளாஸ்டிக் தட்டத்தையும் வைத்தேன். திரும்பிப் பார்த்தபோது தட்டம் கம்பிகளுக்கிடையில் பாகாய் இறங்கிக்கொண்டிருந்தது. மூடியைப் போட்டு, அதன்மேல் ஒரு சாக்கையும் போட்டுவிட்டு, உங்களைச் சுமக்க ஓடிவந்தேன். அன்று நான் அழுததில் பாதி அதற்குத்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமோ?

அக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு வாய் சோறு, வெறுந்தேத்தண்ணி, அவ்வளவுதான். யார் வந்து பேசினாலும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டுச் செலவன்று, உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிற அந்த நாளில், காலையில் என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அவருக்கு ஒட்டி மீன் சுட்டுப் படைக்கவேணும். பொரிக்கவேண்டாம். அவற்ரை அடுப்பிலையே சுடு."

அந்த எட்டு நாளில் அவள் கேட்டது இது ஒன்றுதான். "ஓம் அக்கா" என்றேன்.

சாக்கை எடுத்துப் பார்த்தேன். நீலம் கல்லாய் இறுகிப்போயிருந்தது. கத்தியால் சுரண்டினேன், கம்பியில் கீறல் விழுந்ததே தவிர நீலம் அசையவில்லை. எரித்துவிட்டால் போய்விடும் என்று சிரட்டைக் கரியை மூட்டினேன். கறுப்புப் புகை எழும்பி நேரே அக்காவின் ஜன்னலுக்குப் போனது.

"என்னடா மணக்குது?"

"பக்கத்து வளவிலை குப்பை எரிக்கினம் அக்கா."

பக்கத்து வளவில் ஆள் குடியிருந்தே பத்து வருசம். பொழுதுபடப் படைக்கவேண்டும். பிறகு அந்த மீனைத்தான் பிள்ளைகளும் தின்னும்.

அப்போதுதான் மீன்காரர் சூசை அண்ணை சைக்கிளில் ஐஸ் பெட்டியோடு வந்தார். மீனைத் தராமல் முதலில் அடுப்பை எட்டிப் பார்த்தார்.

"உமக்கென்ன விசரே? நெருப்பை அணையும். எரிச்சால் உருகி இன்னும் பிடிக்கும், அந்த நஞ்சுப் புகையை மீன் குடிக்கும்."

"அப்ப என்ன செய்யிறது அண்ணை?"

"தட்டு ஆறட்டும். பிறகு ஐஸைப் போட்டுச் சாக்காலை மூடும். விறைச்சால் பிளாஸ்டிக் தன்பாட்டிலை வெடிக்கும். கத்தியை விட்டிட்டு மரக் கரண்டியாலை தட்டும்."

ஒட்டியைத் தந்து, ஐஸில் பாதியையும் எனக்குக் கொட்டிவிட்டு, மிச்ச மீன் பழுதாகுமுன் விற்கவேண்டும் என்று சுருவில் பக்கம் பறந்தார். நான் சாக்கைப் பார்த்தபடி குந்தியிருந்தேன். வெயில் சரிந்தது. எடுத்துத் தட்டினேன். முதல் துண்டு 'டிக்' என்று தெறித்தது. சந்தோசத்தில் பலமாகத் தட்டிவிட்டேன் போலிருக்கிறது, பின்னால் நிழல் விழுந்தது.

அக்கா. வெளியே வந்து நின்றாள்.

"அது எங்கடை தட்டமெல்லோ?"

சொல்ல என்னிடம் பொய் மிச்சமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியைப் பறித்தாள். அடி எனக்குத்தான் என்று கண்ணை மூடினேன். கம்பியில்தான் விழுந்தது.

"அறுவானே, இஞ்சை மூலையிலை கிடக்குது. உன்ரை கண் எங்கை? சிந்தினதைப் பொறுக்கு, கோழி தின்னப்போகுது."

இருவருமாகத் தட்டினோம். மெல்லிய படலமாய் மிஞ்சியதைச் சுடுதண்ணி ஊற்றி, சவர்க்காரமும் தும்புமாகத் தேய்த்தோம். ஒவ்வொரு கம்பியாக விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் அவள் என்னை நெருப்பு மூட்ட விட்டாள்.

உங்கள் ஒட்டி கருகாமல் வெந்தது. படைத்தோம். சாராயத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் ஊற்றினேன், டொக்டர் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு காரைநகரிலிருந்து வந்த சனத்துக்கு நடுவில் அக்கா கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். "இவன் செய்த வேலை தெரியுமோ?" என்று தொடங்கினாள். புகை, குப்பை, பொய் ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல, கையிலிருந்த மீனையும் முள்ளு முள்ளாகப் பிரித்து முழுக்கத் தின்றுமுடித்தாள். அதை அவளே கவனிக்கவில்லை.

நான் கவனித்தேன் அத்தான்.

ஆகவே இந்த வாக்கு: அக்கா வாய் திறந்து ஊருக்குச் சொல்ல, கிழமைக்கு ஒரு மடைத்தனமாவது நான் தவறாமல் செய்வேன். அதற்கு நான் பெரிதாக முயற்சி எடுக்கத் தேவையில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் மனுசியிடம் இன்னமும் ஏச்சு வாங்கும்
ஒரே மச்சான்