நிறுத்தச் சொன்ன டானிக்

13.8.1983, சனி

வேலூர் டாக்டர் இன்று ரத்தப் பரிசோதனை முடிவைச் சொன்னார். எனக்கு இரும்புச்சத்துக் குறைவே இல்லையாம். சிவப்பணுக்கள் சிறியவையாம், பரம்பரையாக வந்ததாம். உயிரியல் புத்தகத்தில் எல்லாம் ஒரே அளவில்தான் இருக்கின்றன. குடித்துவரும் இரும்பு டானிக்கை நிறுத்தச் சொன்னார்.

"கல்யாணம் பேசியாச்சா?" என்று கேட்டார்.

"என் தம்பிக்குத்தாங்க" என்றாள் அம்மா.

"அவருக்கும் ரத்தம் பாருங்க. ரெண்டு பேருக்கும் இது இருந்தா பொறக்கிற குழந்தைக்கு ஆபத்து."

பஸ்ஸில் அம்மா பரிசோதனைச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வீட்டில் மாமா தறியை விட்டு எழுந்து வந்தார். "இன்னாக்கா சொன்னாரு?"

"வெறும் சோகைதான்டா. டானிக் குடிச்சிகினு இருந்தா தையில முகூர்த்தம் வெச்சிக்கலாம்."

"புக்கு படிச்சே ரத்தம் வத்திடுச்சி" என்று மாமா சிரித்தார்.

அம்மா மூடி நிறைய டானிக்கை ஊற்றி நீட்டினாள். மாமா பார்த்துக்கொண்டிருந்தார். குடித்துவிட்டேன். காலையிலும் குடிக்க வேண்டும்.